பச்சை ஆணி

கேட்டுவிடலாம். ஒரே ஒரு கேள்விதான். புதுப் பள்ளிக்கூடத்தைத் தடுப்பு வேலியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டினார்கள் என்று கேட்டால் அரை நிமிடத்தில் பதில் வந்துவிடும். பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிற காளிராஜின் மகள் அங்கேதான் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மற்ற நாட்களில் அவரே ஜீப்பில் கொண்டுபோய் விடுவாராம், இன்றைக்கு என் வேலைக்காக ஆறு மணிக்கே கிளம்பிவிட்டார். அவருக்குத் தெரியாமல் இருக்குமா. ஆனால் வாய் வரவில்லை. ஐம்பத்திரண்டு வயது, முப்பது வருட உத்தியோகம், நாலு நாட்டு மேடையில் பேசிய வாய், இந்த ஒரு கேள்விக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கேட்டால் ஏன் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் இந்த ஜீப்பில் ஒருத்தி மட்டும் செத்துக்கொண்டிருப்பது போய் இரண்டு பேர் சாக வேண்டும். படகு இன்னும் வரவில்லை. முன்னால் ஒரு லாரி, அதற்கு முன்னால் பால்காரனின் ஸ்கூட்டர், அதற்கு முன்னால் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் பதினெட்டு கிலோமீட்டர் ரோடு, ரோட்டின் முடிவில் பதினோராம் மைல் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு தமிழ்க் குடியிருப்பு. அந்தமானில் குடியேறிய காலத்தில் பெயர் வைக்கப் பொறுமையில்லாமல் மைல்கல்லையே பெயராக வைத்துக்கொண்டவர்கள். பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நிலம் ஆடியது. நாங்கள் கடற்கரையில் மேட்டை அளந்துகொண்டிருந்தோம். எழுந்து நிற்க முடியவில்லை, மண்டி போட்டுக்கொண்டேன். முப்பது வரை எண்ணினேன், எண்ணுவது எங்கள் பழக்கம், சுகமான பழக்கம், எண்ணிக்கொண்டிருந்தால் பயப்பட நேரம் இருக்காது. கடல் நகரவில்லை, ஆடியது நிலத்துக்குள்ளேயே என்று புரிந்தது. எந்த நிலம் என்பதும் புரிந்தது. புதன்கிழமை. பத்து மணி. இரண்டாவது பீரியட். செல்போன் கோபுரம் விழுந்துவிட்டது போல, இருவர் போனிலும் ஒரு கோடுகூட இல்லை.

"நீங்க அளந்து குடுத்த எடந்தானே மேடம், அதனால எனக்குப் பயமில்ல" என்றார் காளிராஜ், இதோடு மூன்றாவது முறை. பயமில்லாதவர் மூன்று முறை சொல்ல மாட்டார். அவர் கட்டைவிரல் ஸ்டியரிங்கின் ரப்பரை உரித்துக்கொண்டே இருக்கிறது, மடியெல்லாம் கறுப்புத் தூள். என் விரலும் சும்மா இல்லை, தோள்பையின் ஓர அறைக்குள் போய் ஆணியை உருட்டிக்கொண்டிருக்கிறது. நாலரை வருடமாக அங்கேயே கிடக்கிறது அந்த ஆணி. பை மாற்றியபோது கவனமாக எடுத்துப் புதுப் பையில் போட்டேன், ஏன் போட்டேன் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று அங்குல ஆணி, தலையில் சிவப்புப் பெயிண்ட். எங்கள் தொழிலில் வேறு ஒன்றும் பெரிதாகக் கிடையாது, ஆணியும் நூலும்தான். பூமிக்குள் பிளவு இருக்கிறது. நிலம் ஆடும்போது சில பிளவுகள் மேலே வரை வந்து தரையையே கிழித்துவிடும், அதன்மேல் என்ன கட்டியிருந்தாலும் சேர்த்துக் கிழிக்கும். ஒருமுறை கிழித்த இடத்திலேயேதான் பெரும்பாலும் மறுபடி கிழிக்கும். அதனால் ஜே.சி.பி. வைத்து நீளமாகப் பள்ளம் தோண்டி, சுவரைக் கரண்டியால் வழவழவென்று சுரண்டி, மீட்டருக்கு மீட்டர் நூல் கட்டி, பழைய கிழிசல் எங்கே இருக்கிறது என்று மூக்கு மண்ணில் படுகிற மாதிரி தேடுவோம். மண் அடுக்குக்கு வெள்ளை ஆணி. பிளவுக்குச் சிவப்பு. வேர் போன வழி, எலி வளை, நண்டு வளை, இப்படிப் பார்ப்பதற்குப் பிளவு போல இருந்து ஏமாற்றுகிற சமாசாரத்துக்கெல்லாம் பச்சை. சிவப்பைப் பச்சை என்பதும் பச்சையைச் சிவப்பு என்பதும்தான் நாங்கள் செய்யக்கூடிய தப்பு. வேறு யாராலும் செய்ய முடியாத தப்பு, மெனக்கெட்டு இருபது வருடம் படித்திருக்க வேண்டும் அதற்கு.

படகு வந்துவிட்டது. லாரி ஏறும்போது தட்டுப்பலகை முனகியது. காளிராஜ் ஜீப்பை ஏற்றி ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கிப் போய் படகோட்டியிடம் ஏதோ விசாரித்தார், அவன் கையை விரித்தான், அந்தப் பக்கமிருந்து இன்னும் யாரும் வரவில்லை. தண்ணீர் பச்சையாகச் சலனமில்லாமல் கிடக்கிறது, ஒன்றுமே நடக்காதது மாதிரி. புதுப் பள்ளிக்கூடத்துக்கு இடம் பார்க்க வந்த அன்றைக்கும் இதே படகில்தான் வந்தேன், மழைக்கு இரண்டு நாள் முன்னால். நாற்பத்தைந்து மீட்டர் பள்ளம். மலையடிவாரத்தில் பெரிய பிளவு, அதில் யாருக்கும் சந்தேகமில்லை, குழந்தைகூட விரல் வைத்துக் காட்டும், அதன் மேலேயே பழைய பள்ளிக்கூடம் உட்கார்ந்திருந்தது. பிளவிலிருந்து முப்பது மீட்டருக்கு ஒன்றும் கட்டக்கூடாது, முப்பதாவது மீட்டரில் புதுக் கட்டடம் தொடங்கலாம் என்று ஏற்பாடு. முப்பத்தெட்டாவது மீட்டரில், என் இடுப்பு உயரத்தில், அந்தச் சன்னக் கோடு. விரல் அகலம்கூட இல்லை. சாம்பல் நிற மண் நிரம்பியிருந்தது. என்னோடு வந்த கோஸ் அதைப் பார்த்ததுமே சிவப்பு ஆணியைக் குத்திவிட்டார். கொல்கத்தாக்காரர், சென்னையில் பத்து வருடம் இருந்தவர், தமிழ் பேசினால் நமக்கே ஆசையாக இருக்கும். "வேருன்னா கீழ போகப் போகச் சிறுக்கணும், சவுந்தரி. இது சிறுக்கலையே" என்றார். நான் மேலே நின்ற படாக் மரத்தைக் காட்டினேன். "இத்தனை பெரிய மரம் வேர் விடாதா?" அன்று சாயங்காலம் அவருக்குக் காய்ச்சல் வந்து போர்ட் பிளேருக்குப் போய்விட்டார். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் கையெழுத்து என்பது எங்கள் வழக்கம். மறுநாள் நான் ஒருத்தியாகவே இரண்டு முறை பார்த்தேன்.

ஏன் அப்படிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டியதுதான், படகில் யாரும் கேட்கப்போவதில்லை. அது சிவப்பு என்றால் அதிலிருந்தும் முப்பது மீட்டர் தள்ள வேண்டும், அறுபத்தெட்டு, அறுபத்தெட்டில் இதே ஓடை ஊர்ப்பக்கம் வளைந்து வருகிற இடத்துச் சேறு. பதினோராம் மைலில் வேறு சமதளம் கிடையாது, மலை இந்தப் பக்கம், முதலை அந்தப் பக்கம். பள்ளிக்கூடம் ஓடைக்கு இக்கரைக்குப் போய்விடும். பள்ளத்தின் விளிம்பில் ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள், பத்துப் பதினைந்து பேர், அவர்களில் இதே காளிராஜ், தோளில் மகள். ஒல்லியான பிள்ளை, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "இங்க இல்லைன்னா பொட்டப்பிள்ளைக படிப்பு அம்புட்டுத்தான் மேடம். யாரு தெனம் படகேத்தி அனுப்புவா?" என்றார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை இறங்கினால் சுவர் சரிந்துவிடும், அப்புறம் யாருமே பார்க்க முடியாது. நான் குனிந்தேன். சிவப்பு ஆணியைப் பிடுங்கினேன், பையில் போட்டேன், பச்சையைக் குத்தினேன். வேர் என்று நினைத்தேனா, வேராக இருக்க வேண்டும் என்று நினைத்தேனா. அந்தக் கணத்தில் இரண்டுக்கும் நடுவில் ஒரு தாள் நுழைகிற இடைவெளிகூட இல்லை. ஆழம் தெரியாமல் நான் எங்கேயும் காலை விட்டதில்லை, ஆழம் தெரிந்தே விட்டது அந்த ஒரு தடவைதான். ராத்திரி மழை. காலையில் பள்ளம் மண்ணாலும் தண்ணீராலும் மூடிக் கிடந்தது. நிம்மதியாக இருந்தது, வெட்கமில்லாமல் நிம்மதியாக இருந்தது.

இதில் இன்னொரு கூத்து இருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார், பெர்க்மான்ஸ் மாஸ்டர், தூத்துக்குடிப் பக்கம், கழுத்தில் எப்போதும் விசில். அவருக்கு உலகத்தில் இரண்டே விஷயம், வாலிபால் மற்றும் வாலிபால். பிளவை ஒட்டிய முப்பது மீட்டர் பட்டையில் கூட்டம் கூடுகிற எதுவும் கூடாது என்று நான் அறிக்கையில் எழுதிவிட்டேன், அதிகப்படியான ஜாக்கிரதை, உள்ளே குற்றமுள்ள மனசுக்கு வெளியே ஜாக்கிரதை ஜாஸ்தி. அதிகாரிகள் அங்கே முள்கம்பி வேலி போட்டு உள்ளே வராதே என்று போர்டும் மாட்டிவிட்டார்கள். மாஸ்டரின் ஆடுகளம் போச்சு. ஓடைப் பக்கம் ஆடலாமே என்றதற்கு, "பந்து ஓடையில விழுந்தா யார் மேடம் எடுப்பா, முதலையா?" என்றார். அவர் கேட்டது கட்டடத்தையே இருபத்தைந்து மீட்டர் ஓடைப் பக்கமாகத் தள்ளிவிட்டு, வேலிக்கும் கட்டடத்துக்கும் நடுவில் ஆடுகளம். ஊரைக் கூட்டி, கையெழுத்து வாங்கி, இன்ஜினியரைப் பார்த்து ஒரே ரகளை. எனக்குக் கடுப்பு. உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். ஒரு பந்து விளையாட்டுக்காக விஞ்ஞான வரைபடத்தைத் திருத்துவது எந்த ஊர் நியாயம் என்று, ஓடைப் பக்கம் மண் இளக்கமானது என்று, முப்பதாவது மீட்டரிலேயே கட்ட வேண்டும் என்று. நல்ல கடிதம். இரண்டு பேரிடம் படித்துக்காட்டி மெச்சிக்கொண்டேன். அந்தக் கடிதத்துக்கு அவர்கள் மரியாதை கொடுத்திருந்தால், முப்பத்தெட்டாவது மீட்டர் எட்டாம் வகுப்பின் நடு பெஞ்சுக்கு அடியில் இருக்கிறது. பள்ளிக்கூடம் கட்டி முடித்துத் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். யார் ஜெயித்தது, நானா வாலிபாலா என்று இன்றைக்கு வரை தெரியாது.

அக்கரை. ஜீப் ஏறியது. மூங்கில் சரிந்து கிடந்த இடத்தில் இறங்கி இரண்டு பேரும் இழுத்துப் போட்டோம், என் உள்ளங்கையில் கிழித்து ரத்தம் வந்தது, அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. பாக்குத் தோப்பு வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வரிசை பிடித்து நட்ட மரங்கள், ஒரு முனையில் நின்று பார்த்தால் மறு முனை தெரிகிற ஒழுங்கு. அந்த ஒழுங்கு நடுவில் முறிந்திருந்தது. இந்தப் பக்கத்து வரிசைகள் எல்லாம் ஒரு முழம் நகர்ந்து நின்றன. ரோட்டிலும் அப்படியே, நடுவில் போட்ட வெள்ளைக் கோடு வெட்டுப்பட்டு ஒரு முழம் வலப்பக்கம் தள்ளித் தொடர்ந்தது. நான் வரைபடத்தில் கோடு போட்ட அதே இடம், அதே வளைவு. ஒரு நொடி, ஒரே நொடி, பெருமையாக இருந்தது, சொல்ல நாக்கூசுகிறது, உடம்பெல்லாம் ஒரு ஜிலீர், பார்த்தாயா நான் சொன்னேன் அல்லவா என்று. அப்புறம்தான் பெரிய கோடு சரியென்றால் சின்னக் கோடு என்னவென்று மனசு கேட்டது. எதிரே சைக்கிளில் ஒருவர் வேகமாக வந்தார். காளிராஜ் தலையை வெளியே நீட்டினார். "பள்ளிக்கூடம் போச்சு காளி! ரெண்டாப் பொளந்துருச்சு!" என்று கத்திக்கொண்டே அவர் நிற்காமல் போய்விட்டார். எந்தப் பள்ளிக்கூடம்? பழையதா, புதியதா? திரும்பிக் கத்தினேன், அவர் வளைவு தாண்டிவிட்டார். காளிராஜ் ஆக்சிலேட்டரை மிதித்தார். அவர் வாயிலிருந்து ஒரு சத்தம், பேச்சில்லை, சத்தம் மட்டும், பல்லுக்கிடையில் காற்று. இப்போது கேட்டுவிடு, இப்போதாவது கேள். "காளிராஜ்" என்றேன். "புதுக் கட்டடம் எங்க..." அவர் கேட்கவில்லையா, கேட்டும் கேட்காதது போல இருந்தாரா தெரியவில்லை. "நீங்க சொன்ன எடத்துலதான் மேடம்" என்றார், அழுதுகொண்டே, "நீங்க சொன்ன எடத்துலதான் கட்டுனோம்." அவ்வளவுதான். என் கடிதம் ஜெயித்துவிட்டது. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டேன். இனி யாராவது இறங்கச் சொன்னால்கூட என்னால் இறங்க முடியாது, பிள்ளைகளின் அம்மாக்கள் முகத்தைப் பார்க்க முடியாது, கோஸுக்கு ஒரு வரி எழுத முடியாது, ஆணி, இந்த ஆணி, ஒரு ஆணியைக் குத்தின இடத்திலேயே விட்டு வைத்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும், படகேறிப் போய்ப் படித்திருப்பார்களே, மழையில் நனைந்து, சளி பிடித்து, பாதிப் பேர் நின்றுபோய், ஆனாலும் இருந்திருப்பார்களே.

முதலில் விசில் கேட்டது. அப்புறம்தான் கண்ணைத் திறந்தேன். மலையடியில் பழைய பள்ளிக்கூடம் நடுவில் பிளந்து, கூரை இரண்டு பக்கமும் சரிந்து, நாலு வருடமாக ஆளில்லாத வகுப்புகளின் கரும்பலகை வெயிலில் தெரிந்தது. அதற்கப்புறம் முள்கம்பி வேலி, என் போர்டு. அதற்கப்புறம் கம்பத்தில் கட்டிய வலை. வலை! வேலியை அடுத்து கட்டடம் இல்லை, வலை இருந்தது, சுண்ணாம்புக் கோடு இருந்தது, அதற்கும் அந்தப் பக்கம், எங்கேயோ தூரத்தில், ஓடையை ஒட்டிப் புதுப் பள்ளிக்கூடம் ஓடு ஒன்றிரண்டு சரிந்ததோடு முழுசாக நின்றுகொண்டிருந்தது. அதன் வாசலில் நூற்று இருபது பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெர்க்மான்ஸ் மாஸ்டர் மூன்றாவது தடவையோ முப்பதாவது தடவையோ தலையை எண்ணிக்கொண்டிருந்தார். காளிராஜ் வண்டியை நிறுத்தவில்லை, அது தானாகப் போய் ஒரு கல்லில் முட்டி நின்றது, அவர் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தார். வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள், நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள். அவளைத் தோளோடு பிடித்து மேலும் கீழும் பார்த்தார், முகத்தைத் தடவினார், அப்புறம் உலுக்கினார். "செருப்ப எங்கடி விட்ட?" அவள், "க்ளாஸ்லப்பா, ஓடுன்னாங்க, ஓடிட்டேன்" என்றாள். "புதுச் செருப்புடி" என்று சொல்லி அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். நான் ஜீப்பின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வந்தது. இத்தனை நேரம் எங்கேயோ அடகு வைத்திருந்த மாதிரி மொத்தமாக ஒரே தடவையில் வந்தது. கண்ணில் தண்ணீரோடு சிரிப்பும் வந்தது, யார் பார்த்தால் என்ன.

பிறகு எழுந்து எண்ணத் தொடங்கினேன். பிளவிலிருந்து வேலி வரை முப்பது, அது வேலிக்காரர்கள் அளந்தது. வேலியைச் சுற்றி வந்து, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, என் காலடியால், ஆடுகளத்துக்குள். முப்பத்தெட்டில் குனிந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தரை கிழிந்திருந்தது. கை நுழைகிற அகலம். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஆடுகளத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருந்தது, பக்கவாட்டுச் சுண்ணாம்புக் கோடு இரண்டும் ஒடிந்து ஒரு சாண் விலகிக் கிடந்தன. வேர். நான் வேர் என்றேன். விரலை உள்ளே விட்டேன். ஈரமாக, குளிர்ச்சியாக, சாம்பல் நிற மண். பெர்க்மான்ஸ் மாஸ்டர் வந்து பக்கத்தில் நின்றார். "நாப்பது செகண்டுல எல்லாத்தையும் வெளிய கொண்டாந்துட்டேன் மேடம். தெனமும் விசிலுக்கு ஓடிப் பழகுன பிள்ளைங்க. ஓடு விழுந்து ஒருத்தனுக்குத் தோள்ல அடி, வேற ஒண்ணுமில்ல." நான் எழுந்திருக்கவில்லை. "மாஸ்டர், நான் தப்புப் பண்ணிட்டேன். இது இங்க இருக்குன்னு எனக்குக் காட்டினாங்க. நான் இல்லைன்னு எழுதினேன். நீங்க தள்ளிக் கட்டச் சொல்லலைன்னா..." அவர் பிளவைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார், கணக்கு அவருக்கும் புரிந்தது போல. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். "காளி ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தான், தள்ளிக் கட்ட மேடமே ஒத்துக்கிட்டாங்கன்னு. அப்பத்தான் ஊர்க்காரங்க கையெழுத்துப் போடுவாங்கன்னு நாந்தான் அவன்ட்ட அப்படிச் சொல்லி வச்சேன். உங்க லெட்டரப் படிச்சுட்டு உங்கள நான் ஏசாத ஏச்சு இல்ல மேடம்" என்றார். ஏசுங்கள் மாஸ்டர், இன்னும் ஏசுங்கள், வாலிபாலுக்குக் கோயிலே கட்டுங்கள், நான் செங்கல் சுமக்கிறேன். தலையை மட்டும் ஆட்டினேன். சிக்னல் கிடைத்ததும் கோஸுக்கு எழுத வேண்டும், சிவப்புதான் என்று, அறிக்கையைத் திருத்த வேண்டும், என் பெயர் போட்டே திருத்த வேண்டும், போகிற மானம் போகட்டும், நூற்று இருபது தலை எண்ணியாகிவிட்டது. பையில் கை விட்டு ஆணியை எடுத்தேன். நாலரை வருடம் தாமதமாக, அதன் சொந்த இடத்தில், பிளவின் உதட்டில் வைத்து அழுத்தினேன். பாதி இறங்கியது. தட்டுவதற்குக் கல் தேடினேன்.

"மேடம், அய்யய்யோ, என்ன பண்றீங்க" என்று பதறிக் குனிந்தார் மாஸ்டர். "கோர்ட்ல ஆணி அடிக்காதீங்க. பிள்ளைங்க வெறுங்கால்ல ஆடும்."

பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.